உடைமையற்ற துய்ப்பு

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட கணினியைக் கன்சோல் என்பர். அதில் ஆடும் விளையாட்டுகளை ஒவ்வொன்றாக வட்டில் வாங்கிச் சேர்க்கும் பழக்கம் அண்மைக் காலத்தில் பெருமளவு மாறி, மாதந்தோறும் ஒரு தொகையைச் செலுத்திவிட்டு, நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் அடங்கிய தொகுப்பிலிருந்து விரும்பியதை எடுத்து ஆடும் சந்தா முறை வலுப்பெற்றிருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 ஜூன் மாதத்தில் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் இம்முறைக்கு முதன்மையான எடுத்துக்காட்டு. 2024 பிப்ரவரியில் அதன் சந்தாதாரர்கள் 3.4 கோடிப் பேர் என்று அந்நிறுவனம் அறிவித்தது. இத்தொகுப்பில் சிறந்த விளையாட்டுகள் எவை என்பது பெரும்பாலும் நுகர்வோருக்கு வழிகாட்டும் கேள்வியாகவே எழுப்பப்படுகிறது. அதற்குள் பழைய சமயக் கேள்வி ஒன்று பொதிந்திருக்கிறது: தமக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் முழுமையாகத் துய்க்க முடியுமா, துய்த்து முடித்தபின் அவரிடம் எஞ்சுவது எது? இதற்கு விடை காணாதவரை, தொகுப்பிலுள்ள விளையாட்டுகளைத் தரப்படுத்த வரைகலையின் அழகும் ஆடும் நேரத்தின் நீளமும் தவிர வேறு அளவுகோல் கிடைக்காது.

இக்கேள்வி ஐரோப்பியக் கிறித்தவத்தை ஏறத்தாழ நூறாண்டுகள் அலைக்கழித்தது. அசிசி நகரத்துப் பிரான்சிஸ் வகுத்து 1223-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற ஒழுங்கின்படி, அவருடைய சபைத் துறவியர் வீட்டையோ இடத்தையோ வேறு எப்பொருளையுமோ தமதாக்கிக்கொள்ளலாகாது. ஆயினும் அவர்கள் உண்ண வேண்டியிருந்தது, உடுத்த வேண்டியிருந்தது, சபை வளர வளரப் படிப்பதற்கு நூல்களும் தங்குவதற்கு மடங்களும் வேண்டியிருந்தன. இம்முரண்பாட்டைத் தீர்க்கத் திருச்சபையின் சட்ட அறிஞர்கள் உடைமையையும் பயன்பாட்டையும் இரண்டாகப் பிரித்தனர். 1245-இல் திருத்தந்தை நான்காம் இன்னசென்ட், துறவியர் பயன்படுத்தும் பொருள்களின் உரிமை உரோமைத் திருச்சபையைச் சேரும் என்று அறிவித்தார். 1279-இல் திருத்தந்தை மூன்றாம் நிக்கோலஸ், துறவியருக்கு இருப்பது சட்ட உரிமை எதுவும் கலவாத வெறும் பயன்பாடு மட்டுமே என்று உறுதிப்படுத்தினார். துறவி ஒரு நூலைப் படிக்கலாம், ஆனால் அது அவருடையதன்று, அவருடைய சபையினுடையதும் அன்று.

1322-இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் இந்த ஏற்பாட்டை உடைத்தார். பயன்படுத்தும்போதே தீர்ந்துபோகும் பொருள்களில், எடுத்துக்காட்டாக உணவில், பயன்பாட்டை உடைமையிலிருந்து பிரிக்கவே முடியாது என்பது அவருடைய வாதம். உண்டவரின் உடலோடு கலந்துவிட்ட உணவு இன்னும் வேறொருவருக்குச் சொந்தம் என்று கூறுவதற்குப் பொருளே இல்லை என்றார். இதை எதிர்த்த சபைத் தலைவர் செசேனா மிக்கேலும் மெய்யியலாளர் ஒக்காம் வில்லியமும் 1328 மே மாதத்தில் திருத்தந்தையின் இருப்பிடமான அவிஞ்ஞோனிலிருந்து தப்பியோடி, பின்னர்ப் பவேரியா நாட்டு மியூனிக்கில் அடைக்கலம் பெற்றனர். ஒக்காம் அங்கிருந்து எழுதிய மறுப்பு நூலில் அனுமதி வேறு, உரிமை வேறு என்ற பகுப்பைக் கூர்மைப்படுத்தினார். உரிமை உள்ளவர் தம்மிடமிருந்து பொருள் பறிக்கப்பட்டால் வழக்காடலாம். அனுமதி மட்டும் பெற்றவர், கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறும்போது எழுந்து போக வேண்டியவரே. அந்த நிலையைத் தாமே விரும்பி ஏற்பதில்தான் துறவின் பெருமை இருக்கிறது என்பது அவருடைய தரப்பு.

சந்தாதாரரின் நிலையை இந்தச் சட்ட வடிவத்தோடு ஒப்பிடும்போது ஒற்றுமை வியப்பூட்டுகிறது. தொகுப்பில் உள்ள எந்த விளையாட்டும் அவருடையதன்று. சந்தா நின்றால் அனைத்தும் நிற்கும். சந்தா தொடர்ந்தாலும்கூடப் பதிப்பாளருடன் செய்த உடன்பாடு முடிந்தால் குறிப்பிட்ட விளையாட்டு தொகுப்பை விட்டு வெளியேறிவிடும். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 என்னும் புகழ்பெற்ற விளையாட்டு 2020 ஜனவரியில் கேம் பாஸில் சேர்ந்து அதே ஆண்டு மே மாதம் வெளியேறியது. அதன் பிறகும் சிலமுறை வந்துபோனது. மாதச் சந்தாவுக்கு உரிய சிறு ஒப்பந்த உரிமை சந்தாதாரருக்கு இருப்பது உண்மையே, ஆனால் தனித்த ஒரு விளையாட்டின்மேல் அவருக்கு இருப்பது ஒக்காம் சொன்ன அனுமதிதான். வேற்றுமை நோக்கத்தில் இருக்கிறது, அது மிகப் பெரிய வேற்றுமை. துறவி உடைமையைக் கைவிட்டது ஆசையைக் குறைப்பதற்காக. சந்தாதாரர் உடைமையைக் கைவிடுவது, ஒரு விளையாட்டை வாங்கும் பணத்தில் நானூறு விளையாட்டுகளை அடைவதற்காக.

இந்த வேற்றுமையைச் சரியாக எடைபோடச் சமணம் உதவுகிறது. ஐந்து பெருநோன்புகளில் ஒன்றான பொருள் பற்றாமையை விளக்கும்போது, உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் பற்று என்பதைப் பொருளின் இருப்பைக் கொண்டு வரையறுக்காமல், பொருளின்மேல் மனம் கொள்ளும் மயக்கத்தைக் கொண்டே வரையறுக்கிறது. இவ்வரையறையின்படி, கையில் ஒன்றுமில்லாதவரும் பெரும் பற்றாளராக இருக்கக்கூடும். சந்தாத் தொகுப்பின் முகப்பில் நின்று, ஒன்றைத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கைவிட்டு அடுத்ததைத் தொடங்கி, இன்னும் ஆடாதவற்றின் பட்டியலைப் பார்த்து ஏங்கி, மாத இறுதியில் எதையும் முடிக்காமல் சந்தாவைப் புதுப்பிக்கும் மனநிலையை இந்தச் சூத்திரம் மிகத் துல்லியமாகப் பிடித்துவிடுகிறது. இல்லறத்தாருக்குச் சமணம் விதித்தது முழுத் துறவை அன்று; தமக்கு வேண்டிய பொருளின் எல்லையைத் தாமே வரைந்துகொள்ளும் சிறுநோன்பையே. எல்லையற்ற தொகுப்பின் முன் நிற்பவருக்குப் பிரான்சிஸ்கன் கோட்பாட்டை விட இதுவே அதிகம் பயன்படும் எனலாம், ஏனெனில் தொகுப்பின் உரிமையாளர் வேறொருவராக இருந்தாலும் எல்லையை வரையும் அதிகாரம் ஆடுபவரிடமே இருக்கிறது.

இனி விளையாட்டுகளுக்கு வரலாம். மோபியஸ் டிஜிட்டல் குழுவினர் 2019-இல் வெளியிட்ட அவுட்டர் வைல்ட்ஸ், வெளிவந்த காலத்திலேயே கேம் பாஸில் கிடைத்த ஒன்று; அடுத்த ஆண்டு பிரித்தானியத் திரைக்கலைக் கழகமான பாஃப்டாவின் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. சிறியதொரு கதிரவ மண்டலத்தில், மரத்தால் செய்தது போன்ற விண்கலம் ஒன்றில் ஆடுபவர் புறப்படுகிறார். இருபத்திரண்டு நிமிடத்தில் அந்தக் கதிரவன் வெடித்து அனைத்தும் அழிகிறது. மறுகணம் அவர் தொடக்கத்தில் கண்விழிக்கிறார். பல விளையாட்டுகளில் ஆடுபவர் ஆயுதமும் வலிமையும் செல்வமும் சேர்த்துக்கொண்டே போவார். இதில் சேர்க்கத்தக்க பொருள் எதுவும் இல்லை. முன்பு அங்கு வாழ்ந்து மறைந்த நோமாய் என்னும் இனத்தார் விட்டுச் சென்ற எழுத்துகளைப் படித்து, ஒவ்வொரு கோளின் இயல்பையும் புரிந்துகொண்டு, அந்த அறிவை மட்டுமே அடுத்த சுழற்சிக்கு எடுத்துச் செல்ல முடியும். தொடக்கத்தில் பூட்டிக்கிடப்பதாகத் தோன்றும் கதவுகள் உண்மையில் பூட்டப்பட்டவையல்ல, எப்படித் திறப்பது என்று ஆடுபவர் அறியாமலிருந்தார் என்பதே செய்தி; அறிந்தவரோ ஒரே ஒரு சுழற்சிக்குள் இறுதியை எட்டிவிடலாம்.

யோவானின் பழைய வாதம் இங்கே எதிர்பாராத வலுவைப் பெறுகிறது. எத்தனை பேர் ஆடினாலும் கணினிக் கோப்பு தேய்வதில்லை என்பதால், விளையாட்டு உணவைப் போன்றதன்று, நூலைப் போன்றது என்று முதலில் தோன்றும். ஆனால் அவுட்டர் வைல்ட்ஸ் ஒருவருக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது. அதன் புதிர்கள் அறியாமையால் ஆனவை. அறிந்தபின் அந்த அறியாமை திரும்பி வராது. கோப்பு அப்படியே இருக்க, அந்த ஆடுபவரைப் பொறுத்தவரை விளையாட்டு தீர்ந்துவிட்டது, உண்ட உணவு உடலாவது போல அது அவருடைய அறிவாகிவிட்டது. அப்படியானால் யோவானின் நெறிப்படியே பயன்பாடு உடைமையாக மாறிவிட்டது என்றுதான் முடிவு கட்ட வேண்டும். மறுமாதமே தொகுப்பிலிருந்து அவ்விளையாட்டை நீக்கினாலும் நிறுவனம் அவரிடமிருந்து திரும்பப் பெறுவதற்கு ஒன்றும் இல்லை. சந்தா விளையாட்டுகளின் சிறப்பை அளக்க இதுவே தக்க அளவுகோல் என்று கொள்ளலாம்: அனுமதி முடிந்தபின் ஆடுபவரிடம் எவ்வளவு நிலைக்கிறது என்பதே தரம்.

இந்த அளவுகோலின்படி அவுட்டர் வைல்ட்ஸுக்கு இணையாக நிற்கக்கூடியது, அப்சிடியன் நிறுவனத்துக்காக ஜோஷ் சாயர் இயக்கி 2022 நவம்பரில் கேம் பாஸிலும் சேர்ந்தே வெளிவந்த பென்டிமென்ட். உம்பர்த்தோ எக்கோ எழுதிய ரோஜாவின் பெயர் என்னும் நாவல் இதற்குத் தூண்டுதலாக இருந்தது. அந்நாவலின் கதை 1327-இல், துறவியரின் உடைமை பற்றி மேலே கூறிய வழக்கின் நடுவில்தான் நிகழ்கிறது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பென்டிமென்ட்டின் களம் அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட பவேரியா. கற்பனை ஊரான டாசிங்கிலும் அதனருகே உள்ள பெனடிக்டின் மடத்திலும், 1518-இல் தொடங்கி 1543 வரை கதை விரிகிறது. மடத்தின் எழுத்துக்கூடத்தில் சுவடிகளுக்கு ஓவியம் தீட்டும் ஆண்ட்ரியாஸ் மாலர் என்னும் ஓவியர் ஒரு கொலையை ஆராய நேர்கிறது. யார் செய்தது என்று ஆடுபவர் அரைகுறைச் சான்றுகளோடு ஒருவரைச் சுட்ட வேண்டும், சுட்டப்பட்டவர் கொல்லப்படுவார், சுட்டியது சரியா என்று விளையாட்டு கடைசிவரை உறுதி செய்வதில்லை. தீர்ப்பு வழங்குவோர் சுமக்கும் ஐயத்தை இத்தனை நேர்மையாக ஆடுபவரின் தோளில் ஏற்றிய படைப்புகள் இக்கலையில் மிகச் சில.

உடைமையைப் பற்றிய கேள்வி இவ்விளையாட்டின் இரண்டாம் பகுதியில் நேரடியாகவே எழுகிறது. அப்பகுதி நிகழும் 1525, செருமானிய உழவர் எழுச்சியின் ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சில் மெம்மிங்கன் நகரில் உழவர்கள் வகுத்த பன்னிரு கோரிக்கைகளுள் காட்டில் விறகு எடுக்கவும் ஆற்றில் மீன் பிடிக்கவும் தங்களுக்கு இருந்த பொதுவுரிமையைத் திரும்பத் தர வேண்டும் என்பதும் அடங்கும். தலைமுறை தலைமுறையாகத் துய்த்துவந்த ஒன்று தங்களுக்கு எழுத்தில் உரிமையானதன்று என்பதை, அது மறுக்கப்பட்ட நாளில்தான் டாசிங் ஊரார் உணர்கிறார்கள். பகை முற்றி மடத்தின் நூலகம் எரிகிறது. அதில் அழிந்த சுவடிகள் மடத்தின் உடைமை, ஆனால் இழப்பு ஊருக்கும் உலகுக்கும் சேர்ந்தது. தானாக விரும்பி ஏற்ற உரிமையின்மை அறமாகலாம். பிறர் விதித்த உரிமையின்மை வெறும் பறிப்புதான் என்ற வேறுபாட்டை, எந்தச் சொற்பொழிவும் இல்லாமல் இப்பகுதி காட்டிவிடுகிறது. பிரான்சிஸின் சீடர்களுக்கும் டாசிங் உழவர்களுக்கும் சட்டத்தில் ஒரே நிலை, வாழ்வில் நேரெதிர் நிலை.

மூன்றாவதாகக் குறிப்பிட வேண்டியது வெண்பா என்னும் விளையாட்டு. டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் குழு அதை 2023 ஜூலையில் வெளியிட்டது. முதல் நாளிலேயே கேம் பாஸில் இடம்பெற்றது. 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. 1988-இல் கனடாவில் குடியேறியிருக்கும் தமிழ்ப் பெண் வெண்பா, தன் தாய் தந்த சமையல் குறிப்பேட்டின் சிதைந்த பக்கங்களை வைத்து இட்லியும் பிற உணவுகளும் செய்ய முயல்கிறாள்; அழிந்துபோன வரிகளை ஆடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இது போன்ற சிறு படைப்பைத் தனியாக விலை கொடுத்து வாங்கத் தயங்குவோர் பலர். சந்தாத் தொகுப்பில் இருந்ததால் அத்தயக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. நீளத்தைப் பணத்துக்கு ஈடாக எண்ணும் தவறான கணக்கைச் சந்தா முறை ஓரளவு முறியடித்திருக்கிறது என்பதை அதன் கடுமையான விமரிசகர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடிவே இல்லாத விளையாட்டுகளின் கதை வேறு. 2024 அக்டோபரில் முதல் நாளிலேயே கேம் பாஸுக்கு வந்த கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 6 போன்றவை பருவந்தோறும் புதிய வெகுமதிகளை அறிவித்து ஆடுபவரைத் தொடர்ந்து வரவழைக்கும் அமைப்புடையவை. கைத்திறனும் தோழமையும் அவற்றிலும் கிடைக்கும், அவை பொய்யானவையல்ல. ஆனால் அவ்வெகுமதிகளில் பெரும்பாலானவை நிறுவனத்தின் சேவையகத்தில் மட்டுமே இருப்பவை, அனுமதி முடிந்த கணமே இல்லாதவை. மேற்சொன்ன அளவுகோலில் இவை தாழ்ந்தே நிற்கும், விற்பனையில் எவ்வளவு உயர்ந்து நின்றாலும்.

ஒருவருடைய அறிவில் விளையாட்டு நிலைத்துவிடுகிறது என்பது, அடுத்த தலைமுறைக்கு அது கிடைக்கும் என்பதற்கு உறுதியாகாது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டது. பழங்கால மடங்கள் தாம் உரிமை கொண்டாடாத நூல்களையும் படியெடுத்துக் காத்தன. அந்தக் கடமையை இன்று நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் ஏற்க வேண்டும், அதற்குச் சட்டம் இடம் தர வேண்டும். சந்தா நிறுவனத்திடம் இதை எதிர்பார்ப்பது வீண், அது அதன் தொழிலும் அன்று.

நிறுவனத்திடம் எதிர்பார்க்கத்தக்கது உண்மை ஒன்றே. 2024 செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலம் நிறைவேற்றிய ஒரு சட்டம், இணையக் கடைகள் ஒரு விளையாட்டை விற்பதாகச் சொல்லும்போது, உண்மையில் தருவது திரும்பப் பெறத்தக்க உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகக் கூற வேண்டும் என்கிறது. சந்தாக் காலத்துக்கு மட்டும் அனுமதி தரும் சேவைகளுக்கு அச்சட்டம் விலக்கு அளித்திருக்கிறது, ஏனெனில் அங்கே விற்பனை என்ற பேச்சே இல்லை. 2025 அக்டோபரில் கேம் பாஸின் உயர்நிலைச் சந்தா அமெரிக்காவில் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக உயர்ந்தபோது பலர் அதைக் கைவிட்டதற்கும் இந்தத் தெளிவு துணைநின்றிருக்கலாம்: தாங்கள் எதைப் பெறுகிறோம், எதைப் பெறவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒன்றில், சொந்தமாகாத பொருளைச் சொந்தமாக்குவதாகச் சொல்லி விற்ற இணையக் கடையை விடச் சந்தா முறை நேர்மையானது.