ஆய்வு என்று யார் சொல்வது?

2009-ல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் சேர்ந்து நடத்திய பணி அது. அதற்கு வைத்த பெயர் ‘செயல்விளக்கத் திட்டம்’. ஆய்வு என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் சிறுமிகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய காப்பு, அந்தப் பெயரில் கரைந்துபோனது.

தடுப்பூசி ஏற்கெனவே நாட்டில் அனுமதி பெற்றிருந்தது. புது மருந்து எதையும் சோதிக்கவில்லை என்பது நடத்தியவர்கள் தரப்பு. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் பள்ளிகள் வழியாகப் போட்டால் எத்தனை பேரை எட்டலாம், பெற்றோர் ஏற்பார்களா, செலவு எவ்வளவு என்றெல்லாம் கண்டறிந்து அரசின் முடிவுக்குச் சான்று தருவதும் நோக்கமாக இருந்தது. ஒரு பணி முடிந்தபின் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் குழப்பம் குறையும். சிகிச்சை முடிந்தால் அந்த நோயாளிக்கு நலம் மிஞ்சும். ஆய்வு முடிந்தால், அவருக்கு நலம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வேறு யாருக்கோ பயன்படும் அறிவு மிஞ்சும். அந்தச் சிறுமிகளின் உடல் வழியாகக் கிடைக்கவிருந்தது அப்படிப்பட்ட அறிவுதான்.

ஏழு சிறுமிகள் இறந்த செய்தி எழுந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்தச் சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஊசி மேல் பழியில்லை என்பதால் ஒப்புதல் வாங்கிய முறை சரியாகிவிடாது. 2013-ல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை ஆந்திரத்தின் 9,543 படிவங்களைப் பற்றிப் பேசுகிறது. அவற்றில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர் கையெழுத்திட்டிருந்தார். விடுதிப் பிள்ளைக்குச் சோறு போடுவதும் ஊருக்குப் போக விடுப்புக் கொடுப்பதும் காப்பாளர்தான். அவர் சரி என்றபின் பதினோரு வயதுப் பெண் எந்தத் துணிச்சலில் மறுப்பாள்? சேவை என்று எண்ணும்போது அந்தக் கையெழுத்து போதுமானதாகத் தோன்றும். ஆய்வு என்றால் தாயையோ தகப்பனையோ தேடிப் போயாக வேண்டும்.

எல்லா ஆய்வையும் ஒரே கட்டுக்குள் அடைத்துவிடுவதிலும் கேடு உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெருஞ்சிரைக்குள் குழாய் செருகுமுன் கை கழுவுவது, கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது போன்ற ஐந்து செயல்களைப் பட்டியல் வைத்துச் சரிபார்த்தார்கள். குழாய் வழி ரத்தத்தில் தொற்றுவது பெருமளவு குறைந்ததை 2006-ல் வெளியிட்டார்கள். மறு ஆண்டு இறுதியில், இது மனிதர் மீதான ஆய்வு, உரிய அனுமதி இல்லை என்று ஆய்வுக்கு உட்படுவோரின் காப்பைக் கவனிக்கும் கூட்டாட்சி அலுவலகம் சொல்ல, தகவல் திரட்டுவது நின்றது. எதிர்ப்பு கிளம்பியதும் 2008 தொடக்கத்தில் தொடரலாம் என்றார்கள். அது ஆய்வு என்பதில் ஐயமில்லை. கை கழுவச் சொல்வதால் வரும் ஆபத்து எவ்வளவு என்று கேட்காததுதான் பிழை. ஆய்வு என்று ஒப்புக்கொண்டால் வேலை முடங்கிவிடும் என்ற அச்சமே பலரை வேறு பெயர் தேட வைக்கிறது.

அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், ஆபத்துக்கு ஏற்ப மூன்று படிகள் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு: விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுவின் பரிசீலனை. எந்தப் படி என்பதை நெறிமுறைக் குழுவின் தரப்பு முடிவு செய்ய வேண்டும். ஆய்வை நடத்துகிறவரே, முடிவில் தமக்கு லாபம் இருக்கும்போது, பெயர் சூட்டக் கூடாது.

கம்மத்தில் ஊசியையே கைவிட்டிருக்க வேண்டியதில்லை. பத்ராசலம் பக்கத்துக் கோயா பழங்குடிக் கிராமங்களுக்குப் போய், அவர்கள் மொழி பேசும் ஒருவரை உட்காரவைத்து, இது எதற்கு, யாருக்கு, வேண்டாம் என்றால் ஒன்றும் ஆகாது என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கலாம். சில வாரங்கள் கூடுதலாகியிருக்கும்.