பிறர் பொருளில் பயிலலாமா?

கறுப்பு வெள்ளைப் படச்சுருளை வீட்டிலேயே கழுவப் பழகும் இளைஞர்கள் இந்நாளில் மீண்டும் தோன்றியுள்ளனர். 1960-இல் தொடங்கப்பெற்று, உதகமண்டலத்தில் ‘இந்து’ பிலிமைச் செய்துவந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்ட பின்னும் இவ்வார்வம் மாயவில்லை. நன்று. ஆயின், அண்டை வீட்டார் நம்பிக் கொடுக்கும் சுருளைக் கற்றுக்குட்டி ஒருவன் ஏற்கலாமா?

“நல்லெண்ணத்தோடு செய்தான், கெட்டால் அவன் குற்றவாளியோ?” என்பர். எண்ணமே வினை என்று கற்ற நம்மிடையேயும் இவ்வாறு கூறுவோர் உளர். இக்கூற்றை நாம் ஒப்புவதற்கில்லை. எண்ணம் என்பது உதவும் விருப்பம் மட்டுமன்று. அறிய வேண்டியதை அறியாமலே கைவைக்கத் துணிந்த துணிவும் அவ்வெண்ணத்தின் பகுதியே.

கழுவும் முறையை நோக்குக. ஒளிபட்ட சுருளில் உருவம் கண்ணுக்குப் புலப்படாமல் உறைகிறது. டெவலப்பர் அதனைக் கரிய வெள்ளித் துகளாக்கும். எஞ்சிய வெள்ளியுப்பை ஹைப்போ கரைத்து அகற்றும். ஹைப்போவின் இவ்வியல்பை ஜான் ஹெர்ஷல் 1819-இல் கண்டறிந்தார். இரு புட்டிகளையும் முன்பின்னாக மாற்றி ஊற்றிவிட்டாலோ, உப்பு முழுதும் கரைந்து, கண்ணாடிபோன்ற வெறுஞ்சுருளே மிஞ்சும். அச்சிடுவதில் பிழை நேர்ந்தால் இன்னொரு தாளில் அச்சிடலாம், நெகடிவ் இருக்கிறது. சுருளுக்கோ மறுமுறை இல்லை. மறைந்த தாயாரின் கடைசிப் படம் அதில் இருக்கக்கூடும்; கொடுத்தவரே அதனை மறந்திருக்கவும் கூடும்.

ஆதலின் முதற்சுருள் தன்னுடையதாக இருத்தல் வேண்டும். பாழான பிலிமை (அதுவும் இதற்குப் பயன்படும்) முதலில் வெளிச்சத்தில் கண்திறந்தும், பின்னர்க் கண்மூடியும் ரீலில் சுற்றிப் பழகுக. பிலிம் துண்டொன்றை ஹைப்போவில் இட்டு, அது தெளியும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதனினும் இருமடங்கு நேரம் சுருளை வைக்க. டெவலப்பருக்கு 20 டிகிரி என்று நூல்கள் கூறும். நம் கோடைத் தண்ணீரோ 30 டிகிரியையும் தாண்டும். பனிக்கட்டி இட்ட பாத்திரத்தில் புட்டியை நிறுத்திக் குளிர்விப்பது எளிது. வெப்பமானி வாங்காமல் ஊகத்தால் செய்வது சிக்கனமன்று.

பழகிய பின்னும், இது தனக்கு எத்தனையாவது சுருள் என்பதைக் கொடுப்பவரிடம் சொல்லிவிடுவதே முறை. அவர் அறிந்து இசைந்தால், இழப்பு நேரினும் வஞ்சனை இல்லை. கெடுத்தபின் கேமராமீது பழி சுமத்துவோரும் உளர். அதற்குச் சான்று சுருளிலேயே உண்டு. ஓரத்திலுள்ள எண்களையும் எழுத்துகளையும் ஆலையிலேயே ஒளியால் பதித்திருப்பர். அவை கருமையாகத் தெரிந்து நடுவிடம் மட்டும் வெறுமையாயின், படம் எடுக்கையில் நேர்ந்த பிழை; ஓரமும் வெறுமையாயின், பிழை கழுவியவருடையது.