கையில்லாத படம்

குரங்கணியில் காலை வண்டிக்காகக் காத்திருந்த மூன்று பெண்களைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். போடிக்கு ஏலக்காய் பொறுக்கப் போகிறவர்கள். முன்னால் இருந்தவரின் நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, காதோர நரை எல்லாம் தாளில் இறங்கிவிட்டன. மற்ற இருவரும் இன்னும் வெறும் கோடுகள். பின்னால் மேகத்துக்குள் கிடந்த கொழுக்குமலையைத் தொடவே இல்லை. அதற்குள் வண்டி வந்துவிட்டது. தூக்குவாளியோடு எழுந்தவர் தாளை எட்டிப் பார்த்தார்.

"மூஞ்சி நானேதான். கையக் காணோமேண்ணே?"

நான் பதில் சொல்வதற்குள் ஏறிப் போய்விட்டார்.

அன்று இரவு அந்தக் கைகளை நினைவிலிருந்து வரைந்தேன். விரல்கணு, நகம், நரம்பு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. ஆனால் அவை யாருடைய கைகளும் இல்லை. அழித்துவிட்டேன். ஏலக்காயைப் பருமன் வாரியாகப் பிரிக்கச் சல்லடை உண்டு. 8 மில்லிமீட்டர் காய்க்கு விலையே தனி. நிறம் வெளுத்ததையும் வெடித்ததையும் விலக்க விரல்தான் வேண்டும். வருஷக்கணக்கில் அதையே செய்த விரல் எப்படி வளைந்திருக்கும்? பெருவிரல் நுனி எவ்வளவு தேய்ந்திருக்கும்? 'பாவம், உழைக்கிற பெண்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, உழைக்கிற கையைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஓவியர் இளையராஜா நினைவுக்கு வந்தார். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணத்திலேயே கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. சாகிற வயதே இல்லை. வெளிச்சம் சரிந்து விழும் வீட்டுக்குள் நிற்கும் அவருடைய பெண்களைப் பார்த்து, 'அப்படியே போட்டோ மாதிரி' என்று வியந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாராட்டு அவருக்குப் போதாது. கேமராவுக்கு ஒரு நொடி போதும். அந்தச் சேலை மடிப்பும் அந்த நிற்கிற விதமும் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு மட்டுமே கிடைக்கும்.

என் படம் நின்றுபோனதற்குப் பேருந்து காரணம் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்திருந்தாலும் அழகாக ஒரு பொய்க் கையை வரைந்து கொடுத்திருப்பேன். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போயிருப்பார். யதார்த்த ஓவியம் என்பது கைத்திறன் என்றே இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அது பழக்கம்; ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களின் கணக்கு. பார்க்காத இடத்தை வெள்ளையாக விடுவதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை.

அடுத்த வாரமும் அதே நேரத்துக்குப் போனேன். வண்டி வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பென்சிலை எடுக்கவில்லை. தாளின் கீழ்ப்பாதி இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.