கணவாய் இறக்கம்

கட்டமேடு. பேருந்தின் முகம் கீழே சாய்கிறது.

பிரேக் லைனர் கருகும் வாசனை. எந்த வண்டியோ. முன்னால் ஒரு கண்டெய்னர், சின்ன கியரில் முனகிக்கொண்டு.

உள்ளங்கை ஈரம்.

தருமபுரியிலிருந்து குடைந்துகொண்டு வந்த முழங்கால் வலி இப்போது இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை.

*

பயத்தில் உடம்பு தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. எண்டார்பின், என்கெபலின். மூளையில் அபின் போய் உட்காரும் இடத்திலேயே இவையும் உட்காருகின்றன.

விபத்தில் எலும்பு முறிந்தவர் எழுந்து நிற்கிறார். அடுத்தவரைத் தூக்குகிறார். வலி பிறகு வருகிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு.

*

குளிர்ந்த நீரில் நீந்தவிட்ட எலி. வெளியே எடுத்ததும், வாலில் வைத்த சூடு தாமதமாக உறைக்கிறது.

நாள்தோறும் நீந்தவிட்டால் அந்தத் தாமதம் குறைகிறது. நீர் என்னவோ அதே குளிர்தான்.

*

1976. கனடா, மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். ஷெப்பர்ட் சீகல் மார்பினுக்குப் பழகிய எலிகளைப் பார்க்கிறார். ஊசி போட்டுப் பழகிய சூழலில் மருந்து அவ்வளவாக எடுபடுவதில்லை. வேறு சூழலில் அதே அளவு மறுபடி வேலை செய்கிறது.

சுவர், வெளிச்சம், சத்தம். இவற்றைக் கண்டதுமே உடம்பு மருந்துக்கு எதிராக ஆயத்தமாகிவிடுகிறது. ஊசி ஏறும்போது பாதி வலு போயிருக்கிறது.

உள்ளே ஊறும் மருந்துக்கும் இதே கணக்கா. அப்படித்தான் தோன்றுகிறது.

*

லைனர் வாசனை. இரட்டைப் பாலம். மதில்மேல் குரங்குகள். நியூட்ரலில் இறங்காதே என்னும் பலகை.

தினமும் இறங்குகிறவருக்கு இவையெல்லாம் சேர்ந்து, எலிக்கு ஊசி போட்டுப் பழகிய சூழல்போல, ஓர் அறை.

*

கியரை மாற்றிய கை, திரும்பும் வழியில் இடுப்பை அழுத்திவிட்டுப் போகிறது. ஓட்டுநர் முகத்தில் எதுவும் இல்லை. இன்னொரு வளைவு. கை மறுபடி இடுப்புக்கு வருகிறது.

அவருக்கு வலிக்கிறது. எனக்கு இல்லை.

பழகியவர் அவர். பயந்தவன் நான்.

சீட்டு சரியில்லாததாலும் இருக்கலாம்.

*

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் அவர் ஓட்டியதே இல்லை என்று வைத்துக்கொண்டால், முதல் நாள் அந்தக் கை இடுப்புக்குப் போகுமா. நூறாவது நாள்?