பேனும் சிபியின் தராசும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் மெஷின்கள் ஓய்ந்து கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள், தாங்கள் தங்கியிருக்கும் விடுதியின் மாடிப்படிகளில் ஒருத்திக்குக் கீழே ஒருத்தியாக அமர்ந்து, மடியில் வெள்ளை வேஸ்ட் துணியை விரித்துக்கொண்டு பேன் பார்ப்பதுண்டு. சீப்பில் சிக்கித் துணியில் விழுந்ததை இரு கட்டைவிரல் நகங்களுக்கிடையே வைத்து நசுக்க, ‘டிக்’கென்று ஓசை எழும். அதைக் கேட்டு, அருகில் காய் நறுக்கும் மூதாட்டி, “ஏங்கண்ணு, அதும் ஒரு உசுருதானே, கொல்லாம அக்கட்ட போட்டா ஆவாதா?” என்று கேட்டால், இது ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் வாதம் என்று நகைப்பார் உளர். நகைத்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று அது.

கொங்கு நாட்டுக்கு இவ்விசாரம் பழையது. திருப்பூருக்கு வடகிழக்கே விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்குக் கோயில் உண்டு. அதனை அடுத்த சீனாபுரத்தை, நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் என்பர். பேனை எறும்போடு சேர்த்து மூன்று இந்திரியங்களையுடைய ஜீவனாக வகுத்தது சமண தத்துவம். மழித்தலையும் வேண்டாது, கேசத்தைக் கையாலேயே பறித்தெறியும் லோசத்தை முனிவர்க்கு விதித்ததும் அதுவே. முடி வளர்ந்தால் பேன் பற்றும், பற்றினால் ஹிம்சை நேரும் என்பது அவ்விதிக்குச் சொல்லும் காரணங்களுள் ஒன்று. ஆயினும் அத்தகைய கடுமையான சமயமே, இல்லறத்தார்க்கு முற்ற விலக்கியது கொல்லவேண்டுமென்ற சங்கல்பத்தோடு செய்யும் ஹிம்சையை மட்டுமே. சமையலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் தவிர்க்கவியலாது நேர்வதை அளவோடு பொறுத்துக்கொண்டது. பழனியில் மொட்டை போடுகையில் நாவிதரின் கத்தியோடு போன பேன்களுக்காக எந்த பக்தரும் பிராயச்சித்தம் செய்ததாகக் கேள்வியில்லை!

மூதாட்டி சொன்ன ‘அக்கட்ட’ போடுதலை ஆராய்வோம். மனிதத் தலையன்றி வேறு புகலிடமோ, மனித ரத்தமன்றி வேறு ஆகாரமோ தலைப்பேனுக்கு இல்லை. தலையை விட்டு விலக்கினால் ஓரிரு நாளில் பசியால் மாண்டுபோகும். ஆகவே வீதியில் விட்டவர் அதனைக் காத்தவர் ஆகார். நகம் ஒரு கணத்தில் முடித்ததை நெடும்பட்டினியிடம் ஒப்படைத்து, தம் கையில் கறையில்லை என்று ஆறுதல் கொண்டவரே ஆவார். பேனை மெய்யாகவே வாழவைக்க ஒரே வழி, ஒரு தலையை அதற்குத் தானமாகக் கொடுப்பது. சோழர் தம் குலமுதல்வனாகக் கொண்டாடிய சிபி, புறாவுக்கு ஈடாகத் தராசில் அறுத்து வைத்தது தன் தொடைச் சதையை. அரண்மனைச் சேவகன் தொடையை அன்று. எட்டு மணி நேரம் தையல் மெஷினில் குனிந்து, இரவெல்லாம் பிடரியைச் சொறிந்து உறக்கம் கெடுகிற பெண்ணின் தலையைக் காட்டி ‘அதுவும் ஓர் உயிர்’ என்று பிறர் உபதேசிப்பது, அவள் சதையைத் தராசில் வைப்பதாகும்.

இதை ஒப்புக்கொண்டபின் செய்யவேண்டியது சொற்பம். காதுக்குப் பின்னும் பிடரியிலும் அரிப்பு, மயிரின் அடியில் பொடுகுபோல உதிராது ஒட்டியிருக்கும் ஈர், ஊர்ந்து செல்லும் பேன்: இவை அடையாளம். அழுக்கே காரணம் என்பது வீண் பழி. தலையோடு தலை சேர்ந்தால் எக்கூந்தலிலும் ஏறும். ஈரக் கூந்தலைப் பேன்சீப்பால் சில நாளுக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று வாரம் வாரவேண்டும்; அல்லது 1 சதவீத பெர்மெத்ரின் மருந்தைத் தடவிப் பத்து நிமிஷம் கழித்து அலசி, ஈர் 7 முதல் 10 நாளில் பொரிவதால், ஒன்பதாம் நாள் மறுபடியும் தடவவேண்டும். மண்ணெண்ணெயும் வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தும் தலைக்கு ஆகா. முன்னது தீப்பற்றும், பின்னது தோல் வழியே உடம்பில் நஞ்சேற்றும்.

ஒருத்திக்கு மட்டும் வைத்தியம் செய்து பயனில்லை. அறையிலுள்ள அத்தனை பேரையும் ஒரே நாளில் பார்த்து, பேன் கண்டவர்க்கெல்லாம் அன்றே மருந்திடவேண்டும், சீப்பும் தலையணையும் தனித்தனியாக வேண்டும். நால்வர் படுக்கவேண்டிய அறையில் எண்மரை நெருக்கி வாடகை வாங்கும் இடத்தில் இது எங்ஙனம் நடக்கும்? அங்கே வாரந்தோறும் நேரும் கொலைகளின் பாவத்தை எழுதிவைக்கும் கணக்கர் ஒருவர் உண்டெனில், அவர் அப்பெண்களின் நகங்களைவிட விடுதிக்காரரின் வாடகை நோட்டையே முதலில் கேட்டு வாங்குவார்.