உயரத்தில் இருப்பவனின் கடமை

சரக்கு நிமித்தமாகவும் ஊர் நிமித்தமாகவும் நம்மிற் பலர் ஆகாய விமானத்தில் பறக்கிறோம். ஆயினும் முன்னே அமர்ந்து ஓட்டும் விமானி காண்பதையெல்லாம் நாம் காண்பதில்லை. அவன் காணும் காட்சிகளில் ஒன்று காட்டுத் தீ.

சுமத்ராவும் கலிமந்தானும் எரிந்த 1997, 2015 ஆகிய ஆண்டுகளை நாம் மறந்திருக்க மாட்டோம். அங்கே எரிந்தது மரம் மட்டுமன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிப் படிந்த சதுப்பு மண்ணே எரிந்தது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் அம்மண் விறகாகிவிடுகிறது. நெருப்பு மண்ணுக்குள் புகுந்து, பெருமழை பெய்யும்வரை கனன்றுகொண்டிருக்கும். ஆதலால் மேலிருந்து நோக்குபவனுக்குச் சுவாலை கொஞ்சம், புகையே அதிகம்.

2015-ல் எரிந்த நிலம் 26 லட்சம் ஹெக்டேர் என்று உலக வங்கி கணித்தது. சிங்கப்பூரைப் போல் அது சுமார் 35 மடங்கு. தரையில் நிற்பவனால் இப்பரப்பை அறிய இயலாது. விமானியால் ஓரளவு இயலும். ஆனால் அப்புகைக்குள் இருமுகின்ற குழந்தையை அவன் காணான். உயரம் அளவைக் காட்டுகிறது, ஆளை மறைத்துவிடுகிறது.

தீயை அணைக்க இயலாதவனுக்கு, கண்டதனால் மட்டும் கடமை உண்டாகுமா? உண்டாகும் என்பதே நம் கருத்து. கண்டதைத் தரையிலுள்ளோருக்கு அறிவிக்க அவனால் முடியும். "விமானம் ஓட்டுவதே என் வேலை" என்று வாய்மூடிச் செல்பவன் தீ வைத்தவன் அல்லன். ஆயினும் அவனைக் குற்றமற்றவன் என்று கூற நமக்கு நா எழவில்லை.

வணிகர்களாகிய நாமும் ஒருவகையில் உயரத்திலேயே அமர்ந்திருக்கிறோம். எண்ணெய், சவர்க்காரம், பிஸ்கட், காகிதம் யாவும் நம் கடைக்கு வருகின்றன. நம் கண்ணுக்குத் தெரிவது விலை ஒன்றுதான். காட்டை அழிக்கத் தீயைப்போல் மலிவான வேலையாள் இல்லை. அந்த மலிவில் ஒரு காசு நம் கல்லாவிலும் விழுகிறதா என்று நாம் கேட்பதில்லை. செம்பனை எல்லாம் தீயில் விளைந்ததன்று. நேர்மையாகப் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்களைப் பிரித்தறியவும் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

"நான் வாங்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் வாங்குவார்" என்பர் சிலர். அது மெய்தான். 2015 அக்டோபரில், தீயோடு தொடர்புடையதெனச் சந்தேகிக்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் காகிதப் பொருள்களைச் சிங்கப்பூரின் பேரங்காடிகள் சில விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. அதனால் தீ அணைந்துவிடவில்லை. ஆயினும் கண்டும் காணாதவர்போல் அவர்கள் இருந்துவிடவில்லை.

சகோதரர்களே, அடுத்த முறை சரக்குக்காரர் வரும்போது, விலையைக் கேட்ட வாயால், "இது எங்கிருந்து வருகிறது?" என்றும் கேட்போம். முதல் நாளில் பதில் கிடைக்காமற் போகலாம். பத்துக் கடைகளில் அதே கேள்வி எழுந்தால், அவரும் தமக்கு மேலுள்ளவரிடம் கேட்டாக வேண்டும்.