பிள்ளைகள் சுமந்த பாரம்

பெரியவர்கள் இழைத்த அநீதியைத் துடைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றுவது அறமாகுமா? அமெரிக்காவில் கறுப்பினச் சிறார் வெள்ளையர் பள்ளிகளுக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைத்த நாளில் எழுந்த வினா இது. இன்றும் அது சிந்தனைக்குரியது.

அரசுப் பள்ளிகளில் நிறத்தின் பெயரால் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியோர் முதியோர். அதனை நடைமுறையாக்க நடந்து சென்றோரோ மாணவர்கள். 1957 செப்டம்பர் 4 அன்று, ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில், எலிசபெத் எக்ஃபோர்டு என்னும் 15 வயதுப் பெண் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குத் தன்னந்தனியே சென்றாள். மாணவர்கள் ஒன்றுகூடிச் செல்வதென்ற ஏற்பாடு, வீட்டில் தொலைபேசி இல்லாமையால் அவளுக்குத் தெரியவில்லை. ஆளுநர் நிறுத்தியிருந்த படைவீரர்கள் அவளை வழிமறித்தனர். திரண்டிருந்த கூட்டம் வசைமாரி பொழிந்தது. மூன்று வாரங்களுக்குப் பின், ஜனாதிபதி ஐசனோவர் அனுப்பிய இராணுவத்தின் காவலிலேயே அவளும் ஏனைய எண்மரும் அங்கே பயில முடிந்தது.

தத்துவ அறிஞர் ஹன்னா ஆரண்ட் 1959இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைக் கண்டித்தார். தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்களால் தீர்க்க இயலாத சிக்கலைப் பிள்ளைகளிடமா ஒப்படைப்பது என்பது அவர் கேள்வி. கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் இதை மறுத்தார். அப்பெற்றோர் தம் மக்களின் அச்சத்தை அறியாதவரல்லர். அச்சத்தை எதிர்கொண்டு அடக்கியாளக் கற்றாலன்றி அந்நாட்டில் கறுப்பினத்தார் வாழ இயலாது என்பதையும் அறிந்தவர்கள் என்றார். 1965இல் ஆரண்ட், எலிசனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கூற்றே சரியென ஒப்புக்கொண்டார்.

உண்மையில், வீட்டிலேயே இருந்தால் அப்பிள்ளைகளுக்குப் பாரம் இல்லாதிருந்ததா? வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில், இடநெருக்கடி மிகுந்த கறுப்பினப் பள்ளியில் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளே வகுப்பறைகளாயின. அதனைப் பொறுக்காது 1951இல் மாணவர் வேலைநிறுத்தத்தை நடத்தியவள் 16 வயது பார்பரா ஜான்ஸ். அதிலிருந்து பிறந்த வழக்கு, 1954 தீர்ப்புக்குரிய வழக்குகளுள் ஒன்றாயிற்று. பாரம் முன்பே தோளில் இருந்தது. அவள் அதை இறக்கவே முயன்றாள்.

எனினும், ஆரண்டின் வினா முற்றிலும் பொருளற்றதன்று. 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரப் பள்ளியொன்றில் காவலர் சூழ நுழைந்த ரூபி பிரிட்ஜஸ் ஆறு வயதுக் குழந்தை. அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட, அவ்வாண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை வகுப்பில் அவளொருத்திக்கே பாடம் சொன்னார். தந்தை வேலையிழந்தார். தன்னை ஏசியவர்களுக்காக அவள் பிரார்த்தித்து வந்தாள் என மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் எழுதியுள்ளார்.

இதைக் கேட்டு நெஞ்சம் உருகுவது எளிது. ஆனால் அவ்வுருக்கத்தோடு நம் கடமை முடிந்துவிடுமா? குற்றம், பிள்ளையை அனுப்பிய பெற்றோருடையதன்று. தெருவில் நின்று ஏசியவர்களுடையது. ஏசாமலும் தடுக்காமலும் வீட்டுக்குள் இருந்த நல்லவர்களுக்கும் அதில் பங்குண்டு. அவர்கள் வெளியே வந்து அவளுடன் நடந்திருந்தால், ஆறு வயதுக் குழந்தைக்கு அத்துணை வீரம் தேவைப்பட்டிராது. ஆகவே, ஒரு பிள்ளையின் துணிவைப் புகழ வாய் திறக்குமுன், அவ்வேளையில் பெரியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டுக்கொள்வோமாக.